பதினோரு மா கேமரா

வா மாப்ளே, உக்காரு. அந்தப் பக்கம் வேண்டாம், கட்டெறும்பு. இந்தத் தூணு ஓரமா சாஞ்சுக்க. என்ன, கொல்லைப் பக்கமே பாக்குறே? மோட்டாரு சத்தம் கேக்கலையேன்னா? காயில் எரிஞ்சுபோச்சுய்யா. அவுத்துக் கொண்டுபோய் வைண்டிங் கடையில போட்டு எட்டு நாளாச்சு. அது கெடக்கு, அது ஏழைக் கதை. நீ உன் கதையைச் சொல்லு.

ஏதோ கேமரா வாங்கப்போறியாமே? தங்கச்சி போன்ல சொல்லிச்சு. "அண்ணே, மூணு மாசமா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சுக் கெடக்கான். ஸ்கிரீனைப் பாத்துச் சிரிக்கிறான், முனகுறான், பெருமூச்சு விடுறான்"னு. அதுக்கு உள்ளுக்குள்ள ஒரே குதூகலம், பையன் எவளையோ பாத்துட்டான்னு. எட்டிப் பாத்தா கேமராவாம். பாவம், ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலையாம்.

எங்கே அந்தக் காகிதம்? கொண்டா இப்படி. அடேயப்பா! ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சின்னது, கீழே 32 கட்டம். கல்யாணத்துக்கே பத்துப் பொருத்தம்தான்யா பாப்பாங்க. அதுலயும் ரஜ்ஜு தட்டினாத்தான் யோசிப்பாங்க, மத்ததுக்கெல்லாம் ஜோசியரே ஒரு பரிகாரம் சொல்லி முடிச்சுவச்சுடுவாரு. நீ 32 பாத்தும் முடிவு பண்ண முடியலைன்னா கோளாறு ஜாதகத்துல இல்ல, மாப்பிள்ளைகிட்ட இருக்கு.

சரி, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு. நான் களிமண்ணுக்காரன். பெரிசுக்குப் பேரு மிரர்லெஸ். கண்ணாடி இல்லாததுன்னு அர்த்தம். அதுக்குத்தான் விலை ஜாஸ்தி. ஏன்யா, சந்தையில கொம்பு ஒடிஞ்ச மாட்டுக்கு விலையைக் கொறைப்பான். கண்ணாடி போன கேமராவுக்கு விலையை ஏத்துவானா? சிரிக்காதே, தெரியும். பழைய கேமராவுல லென்ஸுக்குப் பின்னால சாய்வா ஒரு கண்ணாடி இருக்கும். நீ பாக்குறது அது வழியா. பட்டனை அமுக்கினா டப்புனு மேலே தூக்கிக்கிட்டு ஃபிலிமுக்கு வழி விடும். 2008-ல பானசோனிக் அந்தக் கண்ணாடியைக் கழட்டி எறிஞ்சுட்டு ஜி1-ன்னு ஒண்ணை விட்டான். அப்பறம் ஒவ்வொருத்தனா எறிய ஆரம்பிச்சான். இதெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்கிறே பாரு, அதை அப்பறம் சொல்றேன். மொதல்ல விலைக்கு வா.

உடம்பு மட்டும் 2 லட்சம்ங்குறே. எனக்கு ரூபாயில கணக்கு வராது, நெல்லுல போடுறேன். 2025-26 பருவத்துக்கு அரசாங்கம் அறிவிச்ச விலை, சாதா ரகம் குவிண்டால் 2,500 ரூபா, சன்ன ரகம் 2,545. சாதாவுலயே வச்சுக்க. 2 லட்சத்துக்கு 80 குவிண்டால். கொள்முதல் நிலையத்துல 40 கிலோ ஒரு சிப்பம், ஆக 200 சிப்பம். நம்ம வயலுல ஏக்கருக்கு 22 குவிண்டால் கண்டா நல்ல வெள்ளாமை. மூணு மா ஒரு ஏக்கரு. அப்போ கிட்டத்தட்ட 11 மா வெளைச்சல், அரை வேலிக்கும் மேலே. உழவு, உரம், நடவு, களை எதையும் நான் கழிக்கலை பாரு. அரை வேலி நெல்லை அறுத்து, தூத்தி, மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, நிலையத்து வாசல்ல காவல் கெடந்து வித்து, அந்தப் பணத்தைக் கடையில கொண்டுபோய்க் கொட்டினா அவன் என்ன கொடுக்கிறான்? முன்னால ஓட்டையா ஒரு டப்பா. லென்ஸ் தனியாம்!

யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசிக்கலாமாம்பாங்க. இந்தக் கதையில அங்குசம் யானையைவிட விலை கூட இருக்கும்போல. உன் காகிதத்துலயே எழுதியிருக்கே பாரு. யானை 658 கிராம், 70-200-ங்குற அங்குசம் ஒரு கிலோவுக்கு மேலே.

சின்னது மட்டும் சும்மா வருதா? சோனி ஆர்எக்ஸ்100-ல ஏழாவது, 2019-ல வந்தது. 300 கிராம் சொச்சம். சட்டைப் பையில போட்டா என் வெத்தலைப் பெட்டி அளவுகூட உப்பாது. அதுக்கும் ஒரு லட்சம். இதுவும் அஞ்சாறு மா நெல்லுதான்.

இப்போ அந்தக் கதைக்கு வரேன். உங்கம்மா தொட்டில்ல கெடந்தப்போ நான் ஒம்பதாவது பெயிலு. எங்கப்பா கோவத்துல கொண்டுபோய் தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோவுல விட்டுட்டாரு. மூணு வருஷம். இருட்டறையில சிவப்பு பல்பு, மூணு ட்ரே, ஹைப்போ தண்ணி. சோத்துல கை வச்சா ஹைப்போ வாசம்தான் வரும். முதலாளிகிட்ட ரெண்டே கேமரா. ஒண்ணு ஸ்டாண்டு கேமரா, சக்கரம் வச்சது, கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுப் பாக்குறது. இன்னொண்ணு கழுத்துல தொங்குற ரெட்டை லென்ஸு, குனிஞ்சு பாக்குறது. ரெண்டுல எது ஒசத்தின்னு யாரும் அவரைக் கேட்டதில்ல, அவரும் ராத்திரி முழிச்சதில்ல. குடும்பம் வந்து நாற்காலியில உக்காந்தா ஸ்டாண்டு கேமரா. மாப்பிள்ளை அழைப்புல கூட்டத்தோட நடக்கணும்னா ரெட்டை லென்ஸு.

நானும் காசு சேத்து ஒண்ணு வாங்கினேன், ஆக்ஃபா க்ளிக் த்ரீ. 120 ஃபிலிமு, ஒரு சுருளுக்கு 12 படம். ஒரு பொங்கலுக்கு ஒரு சுருளு. உள்ள காலண்டருக்குப் பக்கத்துல உங்கம்மா பாவாடை கட்டி நிக்குற படம் இருக்கே, அது அதுல எடுத்ததுதான். தலைக்கு மேலே வைக்கோல்போரு முழுசா இருக்கும். கால் ரெண்டும் இருக்காது. கேமரா மேல பழி இல்ல மாப்ளே, வெட்டினது நான். இன்னி வரைக்கும் உங்கம்மா அதைச் சொல்லிக் காட்டுவா.

அதனால இப்போ நான் ஒண்ணு கேக்குறேன், நீ சொல்லு. குறுவை ஒசத்தியா, சம்பா ஒசத்தியா?

வாயைத் தொறந்துடாதே. இந்தக் கேள்விக்கு பதில் சொல்றவனை ஊரே பாத்துச் சிரிக்கும். குறுவை 110 நாள்ல வந்துடும். சம்பா அஞ்சு மாசம் தாங்கும். ஜூன் 12 மேட்டூரு தொறந்தாங்களா, அணையில எவ்வளவு இருக்கு, நம்ம வயலு தலைமடையா கடைமடையா, மேடா பள்ளமா, சொந்தமா போர் இருக்கா, அறுப்பு நேரத்துல ஐப்பசி மழை புடிச்சுக்குமா, இதையெல்லாம் பாத்துட்டுத்தான் விதைக் கோட்டையைத் தொடணும். ஆடுதுறையில 1922-லேருந்து நெல்லு ஆராய்ச்சி நடக்குது. எத்தனையோ ரகம் விட்டாங்க. ஒரு விஞ்ஞானியாவது 'இதுதான்யா நெல்லு, மத்ததெல்லாம் பதரு'ன்னு சொல்லியிருக்காரா? எந்தப் பட்டத்துக்கு, எத்தனை நாளு, எந்த மண்ணுக்குன்னுதான் சொல்லுவாங்க.

உன் காகிதத்துல கேமராவைப் பத்தி 32 கட்டம் இருக்கு. உன்னைப் பத்தி ஒரு கட்டம் இருக்கா? விதையை அளந்திருக்கே. வயலை அளக்கலையே மாப்ளே.

சரி, அளப்போம். என்ன எடுக்கப்போறே? பெரிய கோயிலு, வடுவூர் ஏரிப் பறவை, ஆவணியில என் பேத்தி கல்யாணம். அப்பறம் 'வாழ்க்கை'. அதென்ன வாழ்க்கை? ஓ, நாங்க நடவு நடுறது, டீ குடிக்கிறது. சரி, ஒவ்வொண்ணா வா.

பெரிய கோயிலு. அதை எடுக்க உனக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு. லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு கேப்டன், மெட்ராஸ் அரசாங்கத்துப் போட்டோகிராபர். 1858-ல ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூருன்னு சுத்தினவரு. அவரு கேமரா சட்டைப் பையில போற சாதி இல்ல. மெழுகு ஏத்தின காகிதத்துல நெகட்டிவு, ஒவ்வொண்ணும் என் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிசு. மாட்டு வண்டியில மூட்டை முடிச்சு. சித்திரை வெயில்ல அந்தக் காகிதத்தைக் காப்பாத்தறதே ஒரு விவசாயம். அப்படி வந்த மனுஷன் கோபுரத்தை மட்டும் எடுத்துட்டுப் போகலை. 1010-ல குடமுழுக்கான கோயிலு, அடிப்பீடத்துல ராஜராஜன் வெட்டிவச்ச கல்வெட்டு ஓடுதே, அதைத் துண்டு துண்டா எடுத்து 21 படத்தை ஒட்டி 19 அடி நீளத்துக்கு ஒரே படமா பண்ணினாரு. எழுத்து எழுத்தா தெரியணும்னு வேலை. அதுக்குப் பெரிய நெகட்டிவு வேணும், வச்சாரு. அவரு வயலை அளந்துட்டு வந்தவரு.

மேல கேளு. ரெண்டு வருஷத்துக்குள்ள ட்ரெவெல்யன்னு ஒரு கவர்னரு மெட்ராஸுக்கு வந்தாரு. கணக்குப் புஸ்தகத்தைப் பெரட்டினாரு. நம்ம நிதி நிலைமைக்குப் போட்டோவெல்லாம் ஆடம்பரம்யான்னு அந்த வேலையையே மூடிட்டாரு. அந்தத் துரையும் உங்கம்மாவும் ஒரே கட்சி.

நீ அங்கே போய் என்ன எடுக்கப்போறே? கல்வெட்டா? இல்ல, சாயங்கால வெயில்ல விமானம் செவக்குறதையா? அந்த வெளிச்சத்துக்குச் சின்னதே தாராளம். விடிகாலை இருட்டுல ஸ்டாண்டு வச்சு எடுக்கணும்னா அதுக்குத் தொல்லியல் துறை அனுமதி வேணும். கருவறையில எதுவுமே ஆகாது. அந்த இடத்துல உன் பெரிசும் சின்னதும் ஒண்ணுதான், ரெண்டும் பைக்குள்ள.

அடுத்தது பறவை. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-ல ராம்சார் பட்டியல்ல ஏறிடுச்சு. மார்கழியில போனா ஏரி கருவேல மரமெல்லாம் பூத்த மாதிரி உக்காந்திருக்கும். ஆனா அது உன் பக்கத்துல வந்து உக்காராது. சின்னது 200 மில்லிமீட்டரோட நின்னுடும். கோடியக்கரையில பூநாரையை அதுல எடுத்தா உப்பளத்துல பல்லுக்குச்சி நட்டு வச்ச மாதிரி இருக்கும். இங்க பெரிசுதான். 600 மில்லிமீட்டராவது வேணும். அந்த லென்ஸே ரெண்டு கிலோ. பறவை எந்தப் பக்கம் எழும்பினாலும் அதோட கண்ணைப் புடிச்சுக்கிட்டு ஓடுறதுக்கு இந்தப் புது மிரர்லெஸ்ஸுக்கு ஈடு கிடையாது, அதை நான் மறுக்கலை.

ஆனா ஒரு ஆளைச் சொல்றேன். மா. கிருஷ்ணன், 'பத்மாவதி சரித்திரம்' எழுதின மாதவையாவோட மகன், 1912-ல பொறந்தவரு. காட்டுக்குள்ள யானையைத் தேடி நடந்தே போய் எடுப்பாரு, எல்லாம் கறுப்பு வெள்ளை. அவரு கேமராவை எந்தக் கடையிலயும் வாங்க முடியாது. ஒரு கம்பெனி உடம்பு, இன்னொரு கம்பெனி லென்ஸு, நடுவுல அவரே சேத்து முடிஞ்ச ஒட்டு. அதுக்கு 'சூப்பர் பாண்டெரோசா'ன்னு பேரு வேற வச்சிருந்தாரு. நம்மூர்ல டீசல் இன்ஜினுக்கு மாட்டு வண்டிச் சக்கரம் பூட்டி ஓட்டுவானே, அந்த ஜாதி. அதுல எடுத்த யானைக்கு முன்னால உன் 33 மெகாபிக்சலை வச்சுப் பாரு. யானை எந்தக் கம்பெனின்னு கேக்காது மாப்ளே, இவன் பொறுமையா நிக்குறானான்னுதான் பாக்கும். நீ வருஷத்துல எத்தனை நாளு ஏரிக்கரையில அப்படி நிக்கப்போறே? ரெண்டு நாளா? ரெண்டு நாளுக்கு யாராவது அறுப்பு மெஷினை வெலைக்கு வாங்குவானா? வயலு சேறா கெடந்தா பெல்ட் வண்டியைக் கூப்பிடுறோம், காஞ்சு கெடந்தா டயர் வண்டியைக் கூப்பிடுறோம். மணிக்கு இவ்வளவுன்னு கொடுத்துட்டு வாசலோட அனுப்பிடுறோம். லென்ஸும் வாடகைக்குக் கெடைக்குதுய்யா, திருச்சியிலயும் மெட்ராஸுலயும்.

மூணாவது, என் பேத்தி கல்யாணம். இங்கதான் கொஞ்சம் கணக்கு போடணும், காதைக் கொடு. பெரிசுக்குள்ள இருக்கிற சென்சாரு 36-க்கு 24 மில்லிமீட்டரு. சின்னதுல இருக்கிறதுக்கு 'ஒரு அங்குல' சென்சாருன்னு பேரு. நீ அளந்து பாத்தியா? 13.2-க்கு 8.8. நீளவாக்குல அளந்தாக்கூட அரை அங்குலம்தான். அந்தக் காலத்து வீடியோ கேமரா குழாயோட வெளி அளவுலேருந்து வந்த பேரை இன்னும் புடிச்சுக்கிட்டு இருக்கானுவ. களத்துல இந்த மரக்காலை வச்சு அளந்தா குத்தகைக்காரன் கழுத்தைப் புடிச்சிருப்பான். பரப்பைப் போட்டா பெரிசு 864, சின்னது 116. ஏழு மடங்குக்கு மேலே. ஒரே மழைதான், ஆனா முத்தத்துல அண்டா வைக்கிறவனுக்கும் சொம்பு வைக்கிறவனுக்கும் வித்தியாசம் இருக்குல்ல. வெயில்ல ரெண்டும் ரொம்பிடும், பேச்சே இல்ல. ராத்திரி ஊர்வலம், குத்துவிளக்கு வெளிச்சம், திருவையாத்துல ஆராதனைப் பந்தலுக்குள்ள ராத்திரிக் கச்சேரி, அங்கதான் சொம்போட வண்டவாளம் தெரியும். நெல்லுல பதரு கலந்த மாதிரி படமெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும்.

இன்னொண்ணு, பின்னால மங்கலாக்குறது. அதுக்கும் பெரிய சென்சாரு வேணும். லென்ஸ்ல அதே 2.8-ன்னு எழுதியிருந்தாலும் சின்னதுல பின்னால நிக்குறவன் மூஞ்சி தெளிவா விழுந்துடும். பொண்ணு மாப்பிள்ளை மட்டும் தெரியணும், பின்னால மொறைச்சுக்கிட்டு நிக்குற பங்காளி தெரியக்கூடாதுன்னா பெரிசை வாங்கு. பங்காளி சண்டைக்கு இதைவிடச் சுளுவான தீர்வு கோர்ட்டுல கெடையாது.

ஆனா கல்யாணப் படத்துல மூச்சு அடங்குற இடம் வேற. தாலி ஒரு தரம்தான் கட்டுவாங்க. "கார்டு போச்சு, இன்னொரு தரம் கட்டுங்க"ன்னு ஐயரைக் கேக்க முடியுமா? அதனாலதான் தொழில்காரன் ரெட்டைக் கார்டு போடுற கேமரா வச்சிருக்கான். ஒண்ணுல விழுறது இன்னொண்ணுலயும் விழும். ஒரு உடம்பு மக்கர் பண்ணினா தோள்ல இன்னொண்ணு தொங்கும். காசு வாங்கிட்டு எடுக்கப்போறியா? அப்படின்னா இப்பவே எந்திரி, பெரிசுல ரெண்டு வாங்கு, நான் வாயைத் தொறக்கலை. அது தொழிலு, ஏர் வாங்குற மாதிரி. காசு வாங்கலை, சொந்தக்காரன்ங்குறியா? அப்படின்னா நீ கேமராவைத் தொடவே கூடாது. பந்தியில நிக்கணும், மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குச் சந்தனம் கொடுக்கணும், படத்துல நிக்கணும். எங்க முதலாளி ஆயிரம் கல்யாணம் எடுத்தாரு, அவரு ஒரு படத்துலயும் இல்ல. அவரு செத்தப்போ மாலை போட ஒரு படம் தேடினோம், ரேஷன் கார்டுல இருந்ததைத்தான் பெரிசு பண்ணினோம்.

கடைசியா, அந்த 'வாழ்க்கை'. இதுக்கு ஒரு வெள்ளைக்காரனைச் சொல்றேன். கார்த்தியே-ப்ரெஸோன்னு பிரான்ஸுக்காரன். பேரு வாயில நொழையாது, படம் கண்ணுல நொழைஞ்சுடும். அவன் கையில லைக்கா. 1925-ல வந்த சின்னக் கேமரா, சினிமா ஃபிலிம்ல படம் புடிக்கிறது. நீ பெருமையாச் சொல்றியே 36-க்கு 24, அந்த அளவை ஊரெல்லாம் பரப்பினதே லைக்காதான். அப்போ அதுதான்யா 'சின்னது'. ஸ்டாண்டு கேமராக்காரனெல்லாம் அதைப் பாத்துப் பொம்மைன்னு சிரிச்சான். அந்தப் பிரான்ஸுக்காரன் கேமராவுல பளபளன்னு இருக்கிற எடத்துலயெல்லாம் கறுப்பு டேப்பு ஒட்டிடுவானாம், யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு. 1950 ஏப்ரல்ல திருவண்ணாமலையில ரமணரு உடம்பை விட்டப்போ அங்கதான் இருந்தான். அவரோட கடைசி நாட்களைப் படம் எடுத்தான். அந்த எடத்துல ஒருத்தன் ரெண்டு கிலோ லென்ஸைத் தூக்கிக்கிட்டு நின்னா எப்படி இருந்திருக்கும்?

நடவு வயலு கொஞ்சம் அது மாதிரிதான். பெரிசோட எறங்கிப் பாரு. நடுறவங்க எல்லாம் நிமிந்துடுவாங்க. ஒருத்தி முந்தானையைச் சரி பண்ணுவா, ஒருத்தி எந்த டிவின்னு கேப்பா, மூணாவது ஆளு முதியோர் பென்ஷன் வரலைன்னு மனு கொடுக்கும். நட்ட நாத்து மொதக்கும், உனக்கு ஒரு படமும் தேறாது. சின்னதை வச்சுக்கிட்டு வரப்புல உக்காந்தா பத்து நிமிஷத்துல உன்னை மறந்துடுவாங்க. அதுக்கப்பறம்தான் படம்.

சின்னதுலயே ரிக்கோ ஜிஆர்னு ஒண்ணைச் சுழிச்சு வச்சிருக்கே. உடம்பு கால் கிலோ, சென்சாரு பெரிசு, ஆனா ஜூம் கெடையாது, 28 மில்லிமீட்டரோட சரி. 'உடம்பு சின்னதா, சென்சாரு பெரிசா, ஜூமும் நீளமா ஒண்ணு வேணும் மாமா'ங்குறே. மேட்டு வயலு, வாய்க்கால் ஓரம், விலையும் மலிவு, மூணும் ஒரே நிலத்துல சேந்து வந்தா பட்டாவுல வில்லங்கம் இருக்கும். சென்சாரு பெரிசானா அதை மூடுற அளவுக்கு லென்ஸும் பெரிசாகணும். இது வெளிச்சத்தோட சட்டம், எந்தக் கம்பெனியும் லஞ்சம் கொடுத்து மாத்த முடியாது.

அப்பறம் வளத்தறதைப் பத்தி ஒரு வார்த்தை. மாடு வாங்கினா போதாது, தொழுவமும் பாக்கணும். நம்ம பக்கம் கார்த்திகை மழையில செவுரே பூக்கும். லென்ஸுக்குள்ள பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படரும், அது பெரிசு சின்னதுன்னு பாக்காது. அரிசி டின்னுக்குள்ள போட்டு வைக்கிறேன்னு கெளம்பிடாதே, மாவுத்தூசிதான் மிச்சம். காத்துப் புகாத டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், அவ்வளவுதான். களத்து மேட்டுல, தூத்துற நேரத்துல, பெரிசுல லென்ஸை மாத்தினியோ தொலைஞ்சே. கண்ணாடி இல்லாததால சென்சாரு வாயைத் தொறந்துக்கிட்டு இருக்கும், தூசி நேரா உள்ள எறங்கும். சின்னது மட்டும் யோக்கியமா? நீட்டி மடக்குற லென்ஸு ஒவ்வொரு தரமும் தூசியை உள்ள உறிஞ்சும், உக்காந்துட்டா நீயா தொடைக்கவும் முடியாது. பேட்டரியும் 250 படத்துல மூச்சு விட்டுடும், ரெண்டு வாங்கி வச்சுக்க.

இன்னும் கேளு. எடுத்த படத்தை என்ன பண்றே? வாட்ஸப்புல போடுறே. அது சுருக்கிக் கொடுத்துடும். 11 மா நெல்லுல எடுத்த படம் ரெண்டு படி அரிசியா போய்ச் சேரும். சரி, பேத்தி கல்யாணத்துக்கு பேனரு அடிக்கிறியா? 20 அடி பேனரை முப்பது அடி தள்ளி நின்னு பாக்குறாங்க, பாதி பேரு பைக்குல போய்க்கிட்டே பாக்குறாங்க. அதுக்குச் சின்னது ஏராளம். செவுத்துல மாட்டுறதுக்கா? 24 மெகாபிக்சலு 20 அங்குல அகலத்துக்கு நெறுக்குன்னு நிக்கும். நம்ம வீட்டுச் செவுத்துல அதைவிடப் பெரிசா மாட்டணும்னா பெரிய தாத்தாவைக் கழட்டணும். யாரு கழட்டுறது?

சரி, கேட்டியே, யோசனை சொல்றேன். உன் போனை எடு. போன பொங்கல்லேருந்து எடுத்த படத்தையெல்லாம் பெரட்டு. எது இருட்டுல கெட்டுப்போச்சு, எது தூரத்துல இருந்ததால கெட்டுப்போச்சு, எது உன்னால கெட்டுப்போச்சுன்னு மூணு குவியலாப் போடு. மூணாவது குவியலுதான் பெரிசா இருக்கும், கூச்சப்படாதே, எனக்கும் அப்படித்தான். அதுக்கு எந்தக் கேமராவும் மருந்து இல்ல. இருட்டுக் குவியலு பெரிசுன்னா பெரிய சென்சாரு. தூரக் குவியலு கொஞ்சமா இருந்தா சின்னதோட ஜூமே போதும், ரொம்ப இருந்தா வாடகை லென்ஸு. ரெண்டு குவியலுமே இல்ல, போனே நல்லா எடுத்திருக்குன்னா எதையும் வாங்காதே, கடைக்காரன் பொழைச்சுக்குவான்.

என்ன, பாத்துட்டியா? அதுக்குள்ள மூஞ்சி சுருங்கிப்போச்சே. தூரக் குவியலுல எட்டு, இருட்டுக் குவியலுல பதினாலு. மிச்சமெல்லாம் பகல் வெளிச்சத்துல, பத்தடிக்குள்ள. அதான் மாப்ளே உன் வயலு. தலைமடை, மேட்டு நிலம், நல்ல வெளிச்சம். இதுக்குக் குறுவை போதும். சின்னதை வாங்கு. ஒரு குறுவை ஒரு சம்பா, ஒரு வருஷம் பையிலயே வச்சுக்கிட்டுத் திரி. மார்கழியில ரெண்டு நாளு பெரிசை வாடகைக்கு எடுத்துக்கிட்டு வா, நானும் வடுவூருக்கு வரேன், பையை நீயே தூக்கு. வருஷத்துல நாலு தரம் வாடகைக்கு எடுத்து, அஞ்சாவது தரமும் கை அரிச்சா அப்போ பெரிசை வாங்கு. அதுக்குள்ள அவனுவளும் புதுசு ரெண்டு விட்டிருப்பானுவ, நீ ஆசைப்பட்டது பழைய விலைக்கு வந்திருக்கும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. பெரிசுக்கு 2 லட்சம் ஒதுக்கி வச்சிருந்தே. லென்ஸை நான் சேக்கலை. சின்னது ஒரு லட்சம். மிச்சம்? ஒரு லட்சம். அதை பேங்குல போட்டா நீ ராத்திரி முழிச்சுக்கிட்டு லென்ஸு பாக்க ஆரம்பிச்சுடுவே, தங்கச்சி மறுபடி சாப்பிடாது. அதுக்கு ஒரு வழி இருக்கு.

நீ வந்ததே பச்சை வயலை எடுக்கத்தானே? வைகாசி முடியப்போகுது. ஜூன் 12-ல மேட்டூரைத் தொறந்தாலும் தண்ணி நம்ம வாய்க்காலுக்கு வந்து சேர நாளாகும். அதுக்குள்ள நாத்து விட்டாகணும். நாத்தங்காலுக்குப் போர் தண்ணி வேணும். போர் தண்ணிக்கு மோட்டாரு ஓடணும். வைண்டிங் கடைக்காரன் கேக்குறது உன் மிச்சத்துல ஒரு ஓரம்தான்யா. நீ எந்தக் கேமரா வாங்கினாலும் சரி, கருகிப்போன நாத்தங்காலை எடுத்தா கருகிப்போன நாத்தங்காலுதான் விழும். மெகாபிக்சலு கூடினா கருகினது இன்னும் தெளிவாத் தெரியும், அவ்வளவுதான்.

அந்தக் காகிதத்தை இப்படிக் கொடு, பேனாவும் கொடு. 32-க்குக் கீழே 33-ன்னு போடுறேன். 'மாமா மோட்டாரு.' பொருத்தம் உத்தமம்.

சிரிக்கிறியா, சிரி. தண்ணி பாயுறப்போ மோட்டாரு கொட்டாய்ப் பக்கத்துல நான் வந்து நிக்குறேன், எதுல வேணும்னாலும் ஒண்ணு எடு. காலை மட்டும் வெட்டிடாதே மாப்ளே. நம்ம வீட்டுல அந்த வேலையை நான் ஒருத்தன் செஞ்சது போதும்.